விதையைத் தாக்கும் மருந்தும் நிலத்தின் பதிலும்

ஒரே மூட்டை விதைநெல்லைப் பங்கிட்டு இரண்டு வயல்களில் விதைக்கிறோம். ஒன்றில் பயிர் செழித்து வருகிறது. களர் படிந்த மற்றொன்றில் நாற்றே தலையெடுக்கவில்லை. விதையைக் குறை சொல்ல முடியுமா? எந்த உழவரும் முதலில் குனிந்து மண்ணைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பார். புற்றுநோயை ஆராய்ந்த மருத்துவ உலகமோ நெடுங்காலம் விதையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.

நிலத்தையும் பாருங்கள் என்று 1889-ஆம் ஆண்டிலேயே ஒருவர் எழுதினார். அவர் இலண்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைத் திரட்டி, நோய் எந்தெந்த உறுப்புகளுக்குப் பரவியிருந்தது என்று அவர் கணக்கெடுத்தார். புற்றுச் செல்கள் இரத்த ஓட்டத்தில் குருட்டுப்போக்காகச் செல்பவை என்றால், இரத்தம் மிகுதியாகப் பாயும் உறுப்புகள் எல்லாவற்றிலும் அவை ஏறக்குறைய ஒரேபோல் முளைத்திருக்க வேண்டும். ஆனால் கல்லீரலில் அடிக்கடி கண்ட நோய் மண்ணீரலில் அரிதாகவே இருந்தது. செடியின் விதைகள் எல்லாத் திசைகளிலும் பறந்தாலும் ஏற்ற நிலத்தில் விழுந்தவையே முளைக்கும் என்ற உவமையால் பேஜட் இதை விளக்கினார். உவமையைப் பலரும் பாராட்டினர். அதைப் பின்பற்றி ஆய்வு செய்தவர் மிகச் சிலரே.

இரத்தப் புற்றுநோயில் இந்த உவமைக்கு இடமே இல்லை என்றுகூடத் தோன்றும். கட்டியாக ஓரிடத்தில் வளரும் நோயன்று அது. வெள்ளையணுக்கள் கட்டுப்பாடிழந்து பெருகி இரத்தத்தில் மிதந்து திரியும் நோய். மிதக்கும் விதைக்கு நிலம் ஏது? நிலம் உண்டு, அது எலும்புக்குள் இருக்கிறது. இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன என்று 1868-இல் கோனிக்ஸ்பெர்க் நகரப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் நாய்மன் அறிவித்தார். வளர்ந்த ஒரு மனிதரின் மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கோடி சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது. இவ்வளவு பெரிய தொழிற்சாலையில் உற்பத்தியாகும் பொருளை மட்டும் அறிவியலார் ஆராய்ந்தனர். தொழிற்சாலையின் சுவர், தரை, காவலாளி, சமையற்காரர் ஆகியோரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நார்ச்செல்கள், கொழுப்புச் செல்கள், எலும்பாக்கும் செல்கள், இரத்தக் குழாய்ச் சுவரின் செல்கள், பெருவிழுங்கு செல்கள் ஆகியவையே அந்தச் சுவரும் தரையும் காவலும். இவற்றை இக்கட்டுரையில் பொதுவாகத் துணைச்செல்கள் என்போம்.

இரத்தப் புற்றுக்கு இன்று குறிவைத்துத் தாக்கும் மருந்துகள் பல உள்ளன. அவை விதையை மட்டும் தாக்குவன என்று சுருக்கமாகச் சொல்வது வழக்கம். உண்மையில் அவை நிலத்தையும் தொடுகின்றன. நிலமும் அவற்றுக்கு ஒரு பதில் தருகிறது. அந்தப் பதில் சில நேரம் நோயாளிக்குச் சாதகம், சில நேரம் நோய்க்குச் சாதகம். இது தெரிய வந்த வரலாற்றைக் காண்போம்.

மான்செஸ்டரில் ஒரு கண்ணாடிக் குடுவை

எலும்பு மஜ்ஜையை உடலுக்கு வெளியே வளர்க்கும் முயற்சி 1970-களின் நடுப்பகுதிவரை வெற்றி பெறவில்லை. எலியின் மஜ்ஜையை எடுத்து ஊட்டநீர்மத்தில் இட்டால், அதிலுள்ள மூலச் செல்கள் சில வாரங்களில் முதிர்ந்தோ மடிந்தோ தீர்ந்துபோகும். மூலச் செல் என்பது தன்னையே நகலெடுத்துக்கொள்ளவும், எல்லா வகை இரத்த அணுக்களையும் பிறப்பிக்கவும் வல்ல தாய்ச்செல். அது தீர்ந்தால் உற்பத்தியும் தீரும்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரின் பேட்டர்சன் ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் டெக்ஸ்டரும் அவருடைய குழுவினரும் 1977-இல் ஒரு வழி கண்டனர். அவர்கள் செய்தது எளிமையானது. முதலில் மஜ்ஜையைக் குடுவையில் இட்டுச் சில வாரங்கள் விட்டுவைத்தனர். மிதக்கும் செல்கள் ஒருபுறமிருக்க, ஒட்டிக்கொள்ளும் இயல்புடைய செல்கள் குடுவையின் அடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்தன. அந்தப் பாயின்மேல் புதிய மஜ்ஜையை இட்டபோது மூலச் செல்கள் பல மாதங்கள் உயிரோடிருந்து அணுக்களைப் பிறப்பித்துக்கொண்டே இருந்தன. பாய் சரியாகப் படராத குடுவைகளில் உற்பத்தி நின்றது. துணைச்செல்கள் வெறும் தாங்கிகள் அல்ல, இரத்த உற்பத்தியை நடத்துபவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை. என் மதிப்பீட்டில், இந்த வரலாற்றில் மிகவும் குறைவாகப் பாராட்டப்பட்ட சோதனை இதுதான்.

அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரேமண்ட் ஸ்கோஃபீல்டு மறு ஆண்டே, அதாவது 1978-இல், ஒரு கருதுகோளை வெளியிட்டார். பழைய வீடுகளின் சுவரில் அகல் விளக்கு வைக்க ஒரு மாடம் இருக்கும். விளக்கு மாடத்தில் இருக்கும்வரை காற்றில் அணையாது. அதுபோல மஜ்ஜையில் மூலச் செல்லுக்கென்று மாடங்கள் உள்ளன. மாடத்தில் அமர்ந்திருக்கும்வரை அது முதுமையடையாமல் மூலச் செல்லாகவே நீடிக்கும். மாடத்தை விட்டு வெளியேறினால் முதிர்ந்து, சில சுற்றுப் பிரிவுகளுக்குப்பின் மறையும் என்றார் அவர். மாடம் என்பது துணைச்செல்களால் ஆனது. இதை நேரடியாகக் காட்டும் சான்று 2003-இல்தான் கிடைத்தது. எலும்பாக்கும் செல்களின் எண்ணிக்கையைப் பெருக்கினால் எலியின் மஜ்ஜையில் மூலச் செல்களும் பெருகுகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர்களின் இரு குழுக்கள் அவ்வாண்டு வெளியிட்டன. கருதுகோளுக்கும் சான்றுக்கும் இடையே 25 ஆண்டுகள்!

நல்ல விளக்கைக் காக்கும் மாடம் கெட்ட விளக்கைக் காக்காதா? இக்கேள்வி எழுவதற்குள் மருத்துவ உலகின் கவனம் முழுவதும் வேறொரு பக்கம் திரும்பியிருந்தது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது.

குறி பார்த்து எய்த அம்பு

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்று என்னும் நோயில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை கன மில்லிமீட்டருக்கு ஒரு லட்சத்தையும் தாண்டும். இயல்பான அளவு 4,000 முதல் 11,000 வரைதான். 1960-இல் பிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் இந்நோயாளிகளின் புற்றுச் செல்களில் வழக்கத்திற்கு மாறாகச் சிறுத்த ஒரு குரோமோசோமைக் கண்டனர். 1973-இல் சிகாகோவில் ஜானெட் ரௌலி அம்மையார், 9-ஆம் எண் குரோமோசோமும் 22-ஆம் எண் குரோமோசோமும் தத்தம் நுனிகளை மாற்றிக்கொள்வதே இதற்குக் காரணம் என்று காட்டினார். இந்த மாற்றத்தால் இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொண்டு, ஓயாமல் பெருகு பெருகு என்று கட்டளையிடும் ஒரு புதிய கைனேஸ் நொதியை உண்டாக்குகின்றன. அதன் பெயர் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். அணைக்கவே முடியாதபடி கெட்டுப்போன மின்விசைச் சாவி என்று அதைச் சொல்லலாம்.

அந்தச் சாவியை அடைக்கும் மூலக்கூறு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா-கெய்கி நிறுவனத்தில் உருவாயிற்று. நிக்கலஸ் லைடன், யூர்க் சிம்மர்மன், எலிசபெத் புக்டுங்கர் முதலியோர் அதை ஆக்கினர்; அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர மருத்துவர் பிரையன் ட்ருக்கர் அதை நோயாளிகளிடம் கொண்டுசென்றார். எஸ்.டி.ஐ. 571 என்ற எண்ணால் அறியப்பட்ட அம்மருந்து 1998 ஜூனில் முதல் நோயாளிக்குத் தரப்பட்டது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்பு நிலைக்குத் திரும்பிற்று. 2001 மே மாதத்தில் இமாட்டினிப் என்ற பெயரில் அது அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. பின்னர் நடந்த பெரிய சோதனையொன்றில் இம்மருந்தைத் தொடங்கியவர்களில் 10 ஆண்டுகளுக்குப் பிறகும் 83 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். முன்பு சில ஆண்டுகளே ஆயுள் என்றிருந்த நோய் இது. மருத்துவ வரலாற்றில் இத்தகைய வெற்றிகள் அடிக்கடி நிகழ்வதில்லை.

ஆனால் இந்த மாத்திரையை நிறுத்தலாமா? இமாட்டினிப் தந்தபோதும், ஓய்ந்து உறங்கும் நிலையிலுள்ள புற்று மூலச் செல்கள் மடியவில்லை என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆய்வாளர்கள் 2002-இல் குடுவைச் சோதனையில் கண்டனர். ஃபிரான்சு நாட்டில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நோயின் தடயமே தென்படாதிருந்த 100 நோயாளிகளிடம் மருந்தை நிறுத்திப் பார்த்த சோதனையின் முடிவு 2010-இல் வெளிவந்தது. ஏறக்குறைய 60 விழுக்காட்டினரிடம் நோய் திரும்பியது. அவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே திரும்பிவிட்டது. நல்ல வேளையாக, மருந்தை மீண்டும் தொடங்கியதும் நோய் அடங்கியது.

வாழ்நாள் முழுவதும் மாத்திரை என்றால் அதன் விலை சிறிய கேள்வியன்று. இம்மருந்தின் காப்புரிமை வழக்கு நம் சென்னையோடு தொடர்புடையது. 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தாக்கலான விண்ணப்பம் 2006-இல் நிராகரிக்கப்பட்டது. காப்புரிமைச் சட்டப் பிரிவையே எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. இறுதியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் இம்மருந்தைத் தொடர்ந்து விற்க அதனால் வழி நிலைத்தது. எனினும் நோயின் கடைசி விதை எங்கே ஒளிந்திருக்கிறது என்ற கேள்வியை எந்த நீதிமன்றமும் தீர்க்க முடியாதல்லவா?

அம்பு வேறு எங்கெல்லாம் பட்டது

இமாட்டினிப்பின் வரலாற்றில் ஒரு செய்தியைப் பலரும் மேலோட்டமாகக் கடந்துவிடுகின்றனர். அது பி.சி.ஆர்.-ஏ.பி.எல். கைனேஸுக்காக மட்டும் பிறந்த மூலக்கூறு அன்று. தட்டணுக்களிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணியை ஏற்கும் ஏற்பியின் கைனேஸையும் பாசல் ஆய்வாளர்கள் தொடக்கத்திலிருந்தே மனத்தில் கொண்டிருந்தனர். அந்த ஏற்பி எங்கே இருக்கிறது? நார்ச்செல்களிலும் இரத்தக் குழாய்களைச் சூழ்ந்த செல்களிலும், அதாவது துணைச்செல்களில்! ஆக, விதைக்கென்று எய்த அம்பு பிறந்த நாளிலிருந்தே நிலத்தையும் குறிவைத்திருந்தது.

இதன் அடையாளங்களை நோயாளிகளின் உடலே காட்டிற்று. சிலருக்குக் கண்ணிமைகளைச் சுற்றி நீர் கோத்தது. சிலருக்குத் தோலின் நிறம் வெளுத்தது. கறுத்த தோலுடையவர்களிடம் இது எளிதில் தென்படும். நிறமிச் செல்கள் வாழத் தேவையான கிட் என்ற ஏற்பியையும் இமாட்டினிப் அடைப்பதே இதன் காரணம். 2006-இல் நியூயார்க் மருத்துவர்கள், மருந்து உண்ட சிலரின் இரத்தத்தில் பாஸ்பேட் குறைந்திருப்பதைக் கண்டு, எலும்பின் ஆக்கமும் தேய்மானமுமே மாறியிருப்பதாக அறிவித்தனர். எலும்பை அரித்தெடுக்கும் செல்களுக்கு இன்றியமையாத ஓர் ஏற்பியை இமாட்டினிப் அடைக்கிறது என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர ஆய்வாளர்கள் அதற்கு முன்பே கண்டிருந்தனர். அவர்களே 2008-இல், நீண்ட காலம் இம்மருந்தை உண்டவர்களின் எலும்பில் புதிய எலும்பு மிகுதியாகப் படிவதையும் காட்டினர். வளரும் குழந்தைகளுக்குத் தந்தால் உயரம் கூடுவது மந்தமாகிறது என்பதும் தெரிய வந்தது.

மஜ்ஜையின் மாடங்களில் ஒரு பகுதி எலும்பின் உட்சுவரை ஒட்டி இருப்பதை நினைவுகொள்க. எலும்பு மாறினால் மாடமும் மாறும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஓர் எலிச் சோதனை இதைத் தெளிவாக்குகிறது. பாராதைராய்டு ஹார்மோன் எலும்பின் புதுப்பிப்பைத் தூண்டும் பொருள். அதைச் செலுத்தியபோது நாட்பட்ட மைலாய்டு புற்று தணிந்தது. இமாட்டினிப்புடன் சேர்த்துத் தந்தபோது புற்று மூலச் செல்கள் குறைந்தன. ஆனால் வேறொரு ஜீன் பிறழ்ச்சியால் வரும் தீவிர இரத்தப் புற்றில் அதே ஹார்மோன் நோயை வளர்த்தது! நெல்லுக்கு உகந்த சேறு நிலக்கடலைக்கு ஆகாது என்பது போன்ற செய்திதான் இது. நிலத்தை மாற்றுவோம் என்று பொதுவாகப் புறப்பட முடியாது. எந்த விதைக்கு எந்த நிலம் என்று பார்த்தாக வேண்டும்.

இன்னும் வியப்பான ஒன்று உண்டு. துணைச்செல்கள் ஒரு புரதச் சமிக்ஞையைச் சுரக்கின்றன; சி.எக்ஸ்.சி.எல். 12 என்பது அதன் பெயர். இரத்தச் செல்களின் மேலுள்ள சி.எக்ஸ்.சி.ஆர். 4 என்ற ஏற்பி அதை உணர்ந்து, கன்று தாயை நாடுவதுபோல் மஜ்ஜையை நாடும். நாட்பட்ட மைலாய்டு புற்றில் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். இந்த ஏற்பியைக் குறைத்துவிடுகிறது. புற்றுச் செல்கள் மஜ்ஜையில் தங்காமல் இரத்தத்தில் வழிவதற்கு இதுவும் ஒரு காரணம். இமாட்டினிப் தந்தால் என்ன ஆகும்? பி.சி.ஆர்.-ஏ.பி.எல். அடங்குகிறது, குறைந்திருந்த ஏற்பி மீள்கிறது, எஞ்சிய புற்றுச் செல்கள் மஜ்ஜைக்குத் திரும்பிச் சென்று துணைச்செல்களின் அணைப்பில் உறங்குகின்றன. 2008-இல் ஹூஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடச் சோதனையில் இவ்வாறு கண்டனர். வீதியில் திரிந்த திருடனைத் துரத்திய காவலரே அவனை அவன் ஒளிவிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த கதை!

நோய் குறைகிறது, எண்ணிக்கை ஏறுகிறது

இதற்கு நேர்மாறான நாடகம் இன்னொரு நோயில் நடந்தது. நாட்பட்ட லிம்ப்போசைட் இரத்தப் புற்று முதியவர்களுக்கு வருவது. மேலை நாடுகளில் மிகுதி. இதில் பழைய புதிர் ஒன்று இருந்தது. நோயாளியின் உடலில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சாகாமல் சேர்ந்துகொண்டே போகும் இச்செல்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் இட்டால் சில நாட்களிலேயே மடிகின்றன. உடலுக்குள் சிரஞ்சீவி, வெளியே அற்பாயுசு. இது ஏன்?

2000-ஆம் ஆண்டில் யான் பர்கரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் கலிஃபோர்னியாவில் இதற்கு விடை கண்டனர். நோயாளியின் இரத்தச் செல்களை அப்படியே தட்டில் விட்டுவைத்தபோது அவற்றில் சில அடியில் ஒட்டிக்கொண்டு உருண்டு திரண்டு பெரிதாயின. புற்றுச் செல்கள் அவற்றைச் சுற்றி மொய்த்துக்கொண்டு உயிர் பிழைத்தன. பெருவிழுங்கு செல்களின் இனத்தைச் சேர்ந்த இவற்றுக்குச் செவிலிச் செல்கள் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். இவையும் சி.எக்ஸ்.சி.எல். 12 சமிக்ஞையையே சுரந்தன.

இங்கே 1952-க்கு ஒரு முறை போய்வர வேண்டும். அவ்வாண்டு ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், ஓயாமல் தொற்றுநோய்க்கு ஆளான எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் இரத்தத்தில் காமா குளோபுலின் அறவே இல்லை என்று கண்டார். இக்குறைக்குக் காரணமான கைனேஸ் 1993-இல் கண்டறியப்பட்டு, அவர் பெயராலேயே புரூட்டன் கைனேஸ் எனப்பட்டது. அது இல்லாவிடில் பி-லிம்ப்போசைட்டுகள் முதிர்வதில்லை. அப்படியானால் பி-லிம்ப்போசைட் புற்றில் அதை அடைத்தால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்த மருந்து இப்ரூட்டினிப். ஒரு சிறுவனின் பிறவிக் குறை அறுபது ஆண்டுகளுக்குப்பின் முதியவர்களுக்கு மருந்தாயிற்று.

ஆனால் முதல் சோதனைகளில் மருத்துவர்கள் திகைத்தனர். மருந்து தந்த சில நாட்களில் கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டியிருந்த நிணநீர்க் கணுக்கள் கண்கூடாகச் சுருங்கின; நோயாளிக்குச் சுகமாகவும் இருந்தது. இரத்தத்தில் புற்றுச் செல்களின் எண்ணிக்கையோ விறுவிறுவென்று ஏறியது! அதுவரை இருந்த விதிகளின்படி எண்ணிக்கை ஏறினால் மருந்து தோற்றது என்று பொருள். ஆனால் நடந்தது வேறு. புரூட்டன் கைனேஸ் பெருக்கத்தை மட்டும் நடத்தவில்லை. சமிக்ஞையை உணர்ந்து துணைச்செல்லைப் பற்றிக்கொள்ளும் பிடியையும் நடத்துகிறது. பிடி தளர்ந்ததும் புற்றுச் செல்கள் ஒளிவிடத்திலிருந்து இரத்தத்திற்குக் கொட்டப்பட்டன. செவிலியைப் பிரிந்த அவை அங்கே மெல்ல மடிந்தன. இத்தகைய மருந்துகளில் இரத்த எண்ணிக்கை ஏறுவதை மட்டும் கொண்டு நோய் முற்றியதாகக் கருதலாகாது என்று 2012-இல் வல்லுநர்கள் விதியையே திருத்த நேர்ந்தது. திருத்தாதிருந்தால், பலன் தந்துகொண்டிருந்த மருந்தைப் பலருக்கு நிறுத்தியிருப்பார்கள். 2013-இல் வெளிவந்த சோதனையில் 85 நோயாளிகளில் 71 விழுக்காட்டினர் பலன் பெற்றனர். 2014 பிப்ரவரியில் இந்நோய்க்கு அம்மருந்து ஒப்புதல் பெற்றது.

கொட்டப்பட்டவை எத்தனை, மடிந்தவை எத்தனை? இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கணிதவியலார் டொமினிக் வோடர்ஸ், பர்கர் முதலியோருடன் சேர்ந்து 2014-இல் இதைக் கணக்கிட்டார். மருந்தின்கீழ் இரத்தத்திலுள்ள புற்றுச் செல்களில் நாளொன்றுக்குச் சுமார் 1.7 விழுக்காடும், திசுக்களில் உள்ளவற்றில் 2.7 விழுக்காடும் மடிகின்றன. திசுக்களில் இருந்த நோய்ச்சுமையில் சராசரியாக 23 விழுக்காடே இரத்தத்திற்கு இடம்பெயர்கிறது என்பது அவர்கள் முடிவு. எஞ்சியதில் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே மடிந்தது. மாணவர்கள் கதிரியக்கச் சிதைவு விதியை இங்கே பயன்படுத்திப் பார்க்கலாம். 0.693-ஐ 0.027-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 26 நாட்கள் வரும், 0.017-ஆல் வகுத்தால் 41 நாட்கள் வரும். இவையே திசுவிலும் இரத்தத்திலும் இச்செல்களின் அரைவாழ்வுக் காலங்கள். ரேடியத்திற்கும் லிம்ப்போசைட்டுக்கும் ஒரே சமன்பாடு!

துணைச்செல்கள் இதில் சும்மா இருந்தனவா? அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தினர் இப்ரூட்டினிப் உண்ட நோயாளிகளின் மஜ்ஜையைப் பார்த்தபோது, பெருவிழுங்கு செல்கள் புற்றுச் செல்களைத் தொட நீட்டியிருந்த கைபோன்ற இழைகள் சுருங்கியிருந்தன. இது 2016-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர்கள் மற்றொரு பக்கத்தையும் காட்டினர். புரூட்டன் கைனேஸ் செவிலிச் செல்களுக்குள்ளும் உண்டு. அதை அடைத்தபோது அச்செல்கள் உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் போக்கில் மேலும் ஒரு படி சென்றன. ஒரே மருந்து, ஒரே துணைச்செல். ஒரு கையைத் தளர்த்துகிறது, மற்றொரு கையை இறுக்குகிறது.

போர்ட்லாந்தில் கண்ட பொட்டலங்கள்

இமாட்டினிப் முதன்முதலில் நோயாளியை அடைந்த போர்ட்லாந்து நகருக்கு மீண்டும் வருவோம். இப்போது பேசப்படும் நோய் தீவிர மைலாய்டு இரத்தப் புற்று. வாரக்கணக்கில் உயிரைக் குடிக்க வல்லது. இந்நோயாளிகளில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினரிடம் எஃப்.எல்.டி. 3 என்ற கைனேஸ் பிறழ்ந்திருக்கிறது. அதை அடைக்கும் குவிசார்ட்டினிப் என்ற மருந்து இரத்தத்திலுள்ள புற்றுச் செல்களை விரைவாகத் துடைத்துவிடும். மஜ்ஜையிலுள்ளவை மட்டும் தாக்குப்பிடித்து நிற்கும். சில மாதங்களில் நோய் திரும்பும்.

மருந்து உண்டுவந்த நோயாளிகளின் மஜ்ஜையை வெவ்வேறு காலங்களில் எடுத்துப் பார்த்த எலி டிரேயர், ட்ருக்கர் முதலியோர் 2016-இல் அறிவித்தது இது: சிகிச்சை நடக்கும்போது துணைச்செல்களில் நார்ச்செல் வளர்ச்சிக் காரணி-2 என்ற புரதம் படிப்படியாக மிகுகிறது, நோய் வெளிப்படையாகத் திரும்புவதற்கு முன்பே அது உச்சத்தை அடைகிறது. அப்புரதம் புற்றுச் செல்லிலுள்ள வேறோர் ஏற்பியைத் தட்டி, அடைபட்ட பாதைக்கு மாற்றுப்பாதை திறந்துவிடுகிறது. துணைச்செல் ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? அது புற்றுக்கு நண்பனன்று. மஜ்ஜைக்குள் அணுக்கள் பெருமளவில் அழிந்தால், வெள்ளத்திற்குப்பின் கரையைச் செப்பனிடுவதுபோல் துணைச்செல்கள் பெருகிச் சேதத்தைச் சீர்செய்ய முனைகின்றன. அதற்கான கட்டளைப் புரதங்களில் இதுவும் ஒன்று. மருந்து புற்றை அழிக்க, அழிவைக் கண்ட நிலம் தன் இயல்பான பழுதுபார்ப்பைத் தொடங்க, எஞ்சிய விதைகள் அந்த உரத்தில் பிழைத்துக்கொள்கின்றன.

அந்த உரம் எவ்விதம் போய்ச் சேருகிறது என்பதை அதே நகர ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினர். துணைச்செல்கள் அப்புரதத்தை எக்சோசோம் எனப்படும் மிகமிக நுண்ணிய பைகளில் வைத்து வெளியே அனுப்புகின்றன. ஒரு மில்லிமீட்டரில் இத்தகைய பைகளை ஏறக்குறைய பத்தாயிரம் வரிசையாக அடுக்கலாம். புற்றுச் செல்கள் இந்தப் பொட்டலங்களை விழுங்கி, மருந்தின் தாக்குதலைச் சமாளிக்கின்றன. அதே புரதம் துணைச்செல்லின் மேலுள்ள ஏற்பியையும் தூண்டி மேலும் பொட்டலங்களைக் கட்டச் சொல்கிறது. இது தன்னைத்தானே வளர்க்கும் சுழற்சி. அந்த ஏற்பியை அடைக்கும் மருந்தைத் துணைச்செல்களுக்கு மட்டும் தந்தபோது பொட்டலங்கள் குறைந்தன. புற்றுச் செல்களுக்குக் கிடைத்த பாதுகாப்பும் குறைந்தது. அதாவது, புற்றைத் தொடாமலே புற்றை வலுவிழக்கச் செய்யலாம்.

இவ்விரண்டையும் ஒருசேரத் தாக்கும் மருந்து ஒன்று முன்பே இருந்தது. 2012 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பொனாட்டினிப் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். கைனேஸையும் இந்த ஏற்பியையும் சேர்த்து அடைக்கிறது. பிற மருந்துகளுக்கு மசியாத சில நோயாளிகளிடம் அது பலித்ததற்கு இதுவே காரணமாகலாம் என்று டிரேயர் குழுவினர் 2014-இல் எழுதினர். ஆனால் அதற்கு முந்திய ஆண்டு, 2013 அக்டோபரில், அமெரிக்காவில் அதன் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. மருந்து உண்டவர்களில் பலருக்குத் தமனிகளில் அடைப்பு ஏற்பட்டிருந்தது. கடுமையான எச்சரிக்கைகளோடு டிசம்பரில் அது மீண்டும் வந்தது. பின்னர் நோய் தணிந்ததும் அளவைக் குறைத்துத் தரும் முறையும் வகுக்கப்பட்டது. பல இடங்களில் படும் அம்பு இரத்தக் குழாயிலும் படும்.

ஆகவே, இந்தப் புரதத்தை மட்டும் தடுத்தால் உடலுக்கு என்ன கேடு வரும் என்று கேட்பது இயல்பு. 2019-ஆம் ஆண்டு ஆய்வில் ஓர் எலிச் சோதனையும் இருந்தது. நார்ச்செல் வளர்ச்சிக் காரணி-2 ஜீன் நீக்கப்பட்ட எலிகளுக்கு பி.சி.ஆர்.-ஏ.பி.எல். இரத்தப் புற்றை உண்டாக்கி, குறிவைத்துத் தாக்கும் மருந்தைத் தந்தனர். அதே மருந்தைப் பெற்ற சாதாரண எலிகளைவிட அவை நீண்ட நாட்கள் வாழ்ந்தன. விதையும் ஒன்று, மருந்தும் ஒன்று. நிலம் மட்டும் வேறு. அந்த ஜீன் இல்லாமலே பிறக்கும் எலிகள் எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைவது போன்ற சில குறைகளைத் தவிர, ஓடியாடி, குட்டி ஈன்று, இயல்பாகவே வாழ்கின்றன.